பள்ளி வாரிய வேட்பாளரிடம் நூலகத்தைப் பற்றி என்ன கேட்பது?

கேள்வி: டெக்சாஸில் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு மே மாதம் தேர்தல். நிற்கிற எல்லாருமே "புத்தகத்தைத் தடை செய்ய மாட்டோம், ஆனால் வயதுக்கேற்றதாக இருக்க வேண்டும்" என்றே சொல்கிறார்கள். யாரை நம்பி ஓட்டுப் போடுவது?
– ஒரு வாசகி, டாலஸ் அருகிலிருந்து

பதில்: "தடை செய்வீர்களா?" என்று கேட்டால் எல்லாரிடமும் இந்தப் பதில்தான் வரும். நடைமுறையைக் கேளுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த எஸ்.பி. 13 (செனட் மசோதா 13) என்னும் டெக்சாஸ் சட்டப்படி, பள்ளி நூலகத்துக்கு வாங்கும் புத்தகத்துக்கும் நன்கொடையாக வரும் புத்தகத்துக்கும் வாரியம் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன் பட்டியல் 30 நாள் பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும். ஆகவே, வருஷத்துக்கு எத்தனை தடவை பட்டியலை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டே தடவை என்றால், ஆகஸ்டில் வெளிவந்த புத்தகம் கைக்கு வருவதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். ஒரு தலைப்பு பிடிக்காவிட்டால் அதை மட்டும் நிறுத்துவாரா, பட்டியலையே ஒத்திப்போடுவாரா?

புகார் வந்த புத்தகம் முடிவாகும்வரை மாணவர் கைக்குப் போகக் கூடாது என்கிறது அதே சட்டம். புகாரை எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது அதனால் மிக முக்கியம். பரிசீலிக்கும் குழுவில் நூலகர் உண்டா? முழுப் புத்தகத்தையும் படித்து, காரணத்தை எழுத்தில் தருவார்களா? கூட்டத்தில் ஒரு பத்தியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, உடனே எடுங்கள் என்னும்போது அவசரத் தீர்ப்புதான் வரும். ஒரே ஆள் நூறு புகார் கொடுத்தால் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். புளோரிடாவில் இது கட்டுமீறிப் போய், பள்ளியில் பிள்ளை இல்லாதவர் மாதம் ஒரு புகார்தான் தரலாம் என்று 2024இல் சட்டத்தையே திருத்தினார்கள்.

"நீதிமன்றம் இருக்கிறதே" என்பவரை நம்ப வேண்டாம். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று 1982இல் பிகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் காரணத்தில் பெரும்பான்மைக்கு வேண்டிய ஐந்து நீதிபதிகள் ஒன்றுசேரவில்லை. 2025 மே மாதம் டெக்சாஸின் லானோ கவுன்டி பொது நூலக வழக்கில் ஐந்தாம் வட்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், புத்தகத்தை எடுத்ததை எதிர்த்து தகவல் பெறும் உரிமையின் பேரில் வாசகர் வழக்காட முடியாது என்றது. டெக்சாஸ் அதன் எல்லைக்குள் வருகிறது. டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதில் என்ன இடம்?
– ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: ஓட்டு இல்லை, பேசலாம். நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயத்தைப் பற்றிப் பொதுமக்களைப் பேச விடுவது டெக்சாஸில் வாரியத்தின் கடமை. பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். எனவே நிரல் எண், புத்தகத்தின் பெயர், உங்கள் கோரிக்கை மூன்றையும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேலே உள்ள கேள்விகளை வேட்பாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, வரும் பதில்களை ஓட்டுரிமை உள்ள பெற்றோரிடம் காட்டுங்கள். வாக்காளராகப் பதிய தேர்தலுக்கு 30 நாள் முன்பே கெடு முடிந்துவிடும் என்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.