பையனின் கால் வலிக்காகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டாம், தம்பி

லண்டன் ஹாரோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, 12 வயதுப் பையனின் தொடை எலும்பில் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற கட்டி என்கிறார்கள், ஊசி வைத்துச் சுடுவார்களாம், பேசாமல் சென்னைக்கே கூட்டிப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டாம், தம்பி. என் மகனுக்கும் 14 வயதில் கணுக்கால் எலும்பில் இதே கட்டி வந்தது. இங்கேயே சரியானது.

இது புற்றுநோய் இல்லை. கட்டியின் நடுவிலிருக்கும் கரு பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அது புராஸ்டாகிளாண்டின் என்ற, வலியைக் கிளப்பும் பொருளைச் சுரந்துகொண்டே இருப்பதால் வலி ஆளைத் தின்றுவிடும், அதுவும் ராத்திரியில். என் பையன் இரண்டு மணிக்கு எழுந்து மாடிப்படியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஐபுபுரோஃபென் கொடுத்தால் தூங்கிவிடுவான். அந்த மாத்திரைக்கு வலி அப்படி அடங்குவதே இந்தக் கட்டியின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஜிபியும், அதாவது குடும்ப டாக்டரும், வளரும் வயது வலி என்றே எட்டு மாதம் திருப்பி அனுப்பினார். எத்தனை மணிக்கு எழுந்தான், எப்போது மாத்திரை கொடுத்தேன் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் ஸ்கேனுக்கு எழுதினார். ஊரிலிருந்து ஆஸ்பிரின் கொண்டுவந்திருந்தால் பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 16 வயதுக்குக் கீழே அது ஆகாது.

அடுத்து வரும் கடிதத்தில் 'சார்கோமா' பிரிவு என்று இருக்கலாம். சார்கோமா என்றால் எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். சாதாரண எலும்புக் கட்டிகளையும் அதே பிரிவுதான் பார்க்கிறது. உங்கள் பக்கத்து ஸ்டான்மோரில் இருக்கும் எலும்பு மருத்துவமனையும் அப்படிப்பட்ட மையம்தான்.

சுடுவது என்றால் நாம் நினைக்கிற சூடு இல்லை. சிடி ஸ்கேனில் பார்த்தபடியே எலும்பில் சின்னத் துளை போட்டு, ஊசிமுனையைக் கருவுக்குள் நிறுத்தி, ரேடியோ அலையால் சுமார் 90 டிகிரி செல்சியஸுக்குச் சில நிமிடங்கள் சூடாக்குகிறார்கள். பாஸ்டனில் 1990களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்த முறை இது. கருவைத் தொட்டாலே துடிக்க வைக்கும் என்பதால் குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். என் மகன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான், காலில் ஒரு சின்ன பிளாஸ்டரோடு. இரண்டு நாள் ஊசி போட்ட இடம் வலித்தது. நான்காம் நாள் ராத்திரி பழக்கத்தில் நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன், படியில் யாரும் இல்லை.

சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. அப்போது இதையே இன்னொரு முறை செய்யலாம். கட்டிக்குப் பக்கத்தில் நரம்போ வளர்ச்சித் தகடோ (எலும்பு நீளமாக வளரும் இடம்) இருக்கிறதா, எத்தனை வாரம் ஓடக்கூடாது, இரண்டையும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற அரசு மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பதால் சிகிச்சைக்குத் தனியாகப் பில் வராது. உங்கள் வீட்டில் இங்கிலீஷில் பேசத் தயங்கினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லுங்கள், அதுவும் இலவசம்தான்.

தேதி கிடைத்ததும் எழுதுங்கள். ஸ்டான்மோர் என்றால் எனக்கும் பக்கம்தான், நானே வந்து கூட இருக்கிறேன்.