ஆட்டுப்பால் தயிர் ஏன் தளர்கிறது? கேசீன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எருமைப்பாலில் தயிர் கட்டியாக விழுகிறது. அதே உறைமோர், அதே பாத்திரம், ஆட்டுப்பாலில் மட்டும் தளதளவென்று நிற்கிறது. உறையில் கோளாறா ஐயா?

பதில்: உறையில் கோளாறு இல்லை. தயிருக்குக் கட்டுமானம் கேசீன் என்கிற புரதம்தான். அதில் ஆல்ஃபா எஸ்1, ஆல்ஃபா எஸ்2, பீட்டா, கப்பா என நான்கு வகை உண்டு. புளிப்பு ஏறி பி.எச். (புளிப்பின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கும்போது இவை பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும். எருமைப்பாலில் கேசீன் மிகுதி. ஆட்டுப்பாலில் அது குறைவு, பின்னலை இறுக்கும் ஆல்ஃபா எஸ்1 இன்னும் குறைவு.

ஒரு லிட்டர் பாலைச் சிறுதீயில் கிளறியபடியே 800 மில்லியாகச் சுண்டவையுங்கள். கேசீன் செறிவு கூடும். அந்தச் சூட்டில் வே புரதமும் (பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதம்) கேசீனோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் தண்ணீர் விடுவது குறையும். 42 டிகிரிக்கு ஆறியதும் இரண்டு தேக்கரண்டி உறைமோர் விட்டு, 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சுண்டவைக்க நேரமில்லையென்றால் லிட்டருக்கு 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சலாம்.

கேள்வி: ஒரே கொட்டில், ஒரே தீவனம். ஒரு ஆட்டின் பால் நன்றாக உறைகிறது, பக்கத்து ஆட்டின் பால் உறைவதில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் பிறவியிலேயே வந்த வேறுபாடு. ஆல்ஃபா எஸ்1 கேசீனுக்கான மரபணு ஆடுகளில் பல வடிவங்களில் இருக்கிறது. ஏ, பி வடிவங்கள் வலுவானவை. அவற்றின் ஒவ்வொரு பிரதியும் லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் தரும். இ வடிவம் 1.6 கிராம், எஃப் வெறும் 0.6 கிராம், ஓ வடிவம் எதுவுமே தராது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். இரண்டும் ஏ என்றால் லிட்டருக்கு 7.2 கிராம், இரண்டும் எஃப் என்றால் 1.2 கிராம். எவ்வளவு தீவனம் போட்டாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. பிரான்சில் பாலாடைக்கட்டிக்காக வளர்க்கும் சானென், ஆல்பைன் இனங்களில் கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மரபணுவையும் பார்க்கிறார்கள். பெட்டையை மட்டும் கவனித்து, கிடாவை உருவம் பார்த்து விடுவது பெரிய பிழை என்பேன்.

ஒன்று மட்டும் சோதித்துவிடுங்கள். முன்பு நன்றாக உறைந்த பால் திடீரெனத் தளர்ந்தால் அது மரபு அல்ல, மடிநோயாக இருக்கலாம். அப்போது பாலில் கூடும் நொதிகள் கேசீனைத் துண்டாக்கிவிடும்.

கேள்வி: பாலாடைக்கட்டி செய்ய, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்த பாலில் ரென்னெட் (பாலை உறையவைக்கும் நொதி) விட்டால் கட்டி மிருதுவாகி உடைகிறதே?

பதில்: குளிரில் பீட்டா கேசீனும் கால்சியமும் கேசீன் உருண்டையிலிருந்து பிரிந்து தண்ணீரில் கரைந்துவிடுகின்றன. சேர்த்து வைத்த பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் பெரும்பகுதி திரும்பிச் சேரும். பிறகு 32 டிகிரிக்கு ஆற்றி, லிட்டருக்கு 0.2 கிராம் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்து ரென்னெட் விடுங்கள். கால்சியம் கூடினால் கசக்கும். கொதித்த பால் இதற்கு உதவாது. ரென்னெட் வெட்ட வேண்டிய கப்பா கேசீனை, சூடுபட்ட வே புரதம் மூடிக்கொள்ளும்.

கேள்வி: குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை. ஆட்டுப்பால் தரலாமா?

பதில்: தராதீர்கள். இரண்டின் கேசீனும் மிக நெருங்கிய சாயல் கொண்டவை. பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது, மூச்சுத்திணறல் வரைகூடப் போகலாம். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கும் இது மாற்று அல்ல, ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் வெறும் ஆட்டுப்பால் கூடாது, அதில் ஃபோலேட் என்கிற வைட்டமின் மிகக் குறைவு.

கேள்வி: ஆட்டுப்பால் ஏ2 பாலா?

பதில்: ஏ1, ஏ2 என்பது பசுவின் பீட்டா கேசீனில் 67-ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலத்தைப் பொறுத்த பிரிவு. ஏ1-இல் அங்கே ஹிஸ்டிடின், ஏ2-இல் புரோலின். ஆட்டிலும் எருமையிலும் புரோலின்தான். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: குட்டி ஈன்ற ஆட்டின் பால் காய்ச்சினால் திரள்கிறது. கேசீன் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அது சீம்பால். திரள்வது அதில் நிறைந்திருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். முதலில் குட்டி வயிறாரக் குடிக்கட்டும். சில நாளில் திரள்வது நின்றுவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் பாலின் புளிப்பையும் மடியையும் பாருங்கள்.