வேடந்தாங்கலில் படகு வேண்டுமா?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்துடன் வேடந்தாங்கல் சென்றிருந்தோம். கரையில் நின்று தொலைவிலிருந்து பறவைகளைப் பார்ப்பதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. நண்பகலுக்குள் பிள்ளைகள் சலித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஏரியில் படகு விட்டு, கரையில் சிற்றுண்டிக் கடைகளும் வைத்தால் ஊருக்கு வருமானம் வருமே? கர்நாடகத்தின் ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தில் படகு விடுகிறார்களே!
- தாம்பரம் வாசகி ஒருவர்

பதில்: கூடாது, அம்மா. பெரிய ஏரி என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கல் என்ற சொல்லுக்கே சிறிய ஏரி என்றுதான் பொருள். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்கும் குறைவு. அந்தச் சிறிய இடத்தில், நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா எனப் பல இனங்கள் கிளைக்குக் கிளை நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் நிற்கும் நீர்தான் அந்தக் கூடுகளுக்கு அகழி. பூனையும் நாயும் நெருங்காது என்ற நம்பிக்கையில்தான் பறவைகள் அங்கே முட்டையிடுகின்றன. அந்த அகழிக்குள் படகில் மனிதர் நுழைந்தால் தாய்ப்பறவைகள் கலைந்து எழும். அவை திரும்பி வருவதற்குள் காகம் முட்டையைக் கொத்திச் சென்றுவிடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் துவண்டுவிடும். ரங்கனதிட்டு, காவிரி ஆற்றில் உள்ள தீவுகளின் தொகுப்பு. அங்கே வனத்துறைப் படகுகள் ஓடுவதற்கு நீர்வழி இருக்கிறது. இங்கேயோ மரங்களுக்கு நடுவில்தான் ஓட்ட வேண்டும்.

ஊருக்கு வருமானம் என்கிறீர்கள். வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளால் பெறும் பயன் மிகப் பழையது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் அவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டதையும், அதன்பேரில் 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்ததையும் அங்கே இன்றும் சொல்வார்கள். சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936-இல்தான் வந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம் 2022-இல் கிடைத்தது. அரசு காக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே ஊர் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு நாம் கைம்மாறு செய்ய விரும்பினால், கடைகளும் தங்கும் அறைகளும் ஊருக்குள் அவ்வூர் மக்களாலேயே நடத்தப்படட்டும். பறவைகளின் பெயர் சொல்லி விளக்கும் வேலை அவ்வூர் இளைஞர்களுக்குக் கிடைக்கட்டும். கரையில் கடை வேண்டாம். தின்பண்டக் குப்பை சேரும் இடத்தில் காகமும் நாயும் சேரும். தூய கழிப்பறையும் குடிநீரும் நிழலும் கேட்டால், அதை நானும் உங்களுடன் சேர்ந்து கேட்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த ஏரி பறவைகளின் பிள்ளைப்பேற்று வீடு மட்டுமே. அவற்றின் அடுக்களை வெளியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு வேண்டிய இரை இந்த ஒரு தாங்கலில் கிடைக்காது. நத்தைகுத்தி நாரை நெல் வயல்களில் நத்தை தேடுகிறது. மற்றவை சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் மீனுக்காகப் போகின்றன. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலயமாக 1998-இல் அறிவிக்கப்பட்டதன் பொருள் இதுதான். 2020-இல் இந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பு மிக நியாயமானது. வயல்களையும் குட்டைகளையும் இழந்த பிறகு, வேலியிட்ட ஏரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பறவையையும் வாழவைக்க முடியாது.

பிள்ளைகள் சலித்ததற்கு நீங்கள் சென்ற நேரமே காரணமாக இருக்கலாம். நண்பகலில் பெரும்பாலான பறவைகள் அசையாமல் நிற்கும் அல்லது இரைதேடிச் சென்றிருக்கும். அடுத்த முறை ஏரியில் நீர் நிறைந்திருக்கும் டிசம்பரிலோ ஜனவரியிலோ, மாலை 4 மணிக்குமேல் செல்லுங்கள். ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு கூட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். இரையுடன் திரும்பும் நாரை, அத்தனை கூடுகளுக்கு நடுவே தன் கூட்டில் இறங்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும்வரை அவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.