கணினி கேள்வி – பதில்

கேள்வி: 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய கொம்பியூட்டர். விண்டோஸ் 10 உடன் லினக்ஸ் மின்ற்றும் போட ஏலுமோ?
– வாசகர், கொக்குவில்

பதில்: தாராளமாக ஏலும். மின்ற் என்ற இந்த இலவச இயங்குதளத்தில், பழைய கொம்பியூட்டருக்கு ஏற்ற பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி பகுதியைச் சுருக்கி லினக்ஸுக்காக 40 ஜிபியை வெறுமையாக விடுங்கள். இடையில் கரண்ட் போனால் கதை கந்தல்! விண்டோஸை வேகமாகத் தொடக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்தாவிட்டால் விண்டோஸின் சி பகுதியை லினக்ஸில் வாசிக்கலாம், எழுத முடியாது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி (முதன்மை) பகுதிகள் நான்குதான் வைக்கலாம். ஏற்கெனவே நான்கு இருந்தால் வெற்றிடம் இருந்தும் பயனில்லை.

பிறகு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நின்றால் மதர்போர்ட் பற்றரியைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் மதர்போர்ட் கடிகாரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கிறது; விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரி.