கணுக்காலில் பிளேட், கியர் தூக்கினால் வலி: பைக்கை விற்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வயது 61. போன வருடம் கீழே விழுந்ததில் இடது கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் என் 150 சிசி பைக்கில் விரலால் தூக்கிப் போடும் ஒற்றை லீவர்தான். இரண்டாவது கியருக்குத் தூக்கும்போதே உயிர் போகிறது. வலது முழங்காலும் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறான் பையன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்கூட்டர் கடைசி வழியாக இருக்கட்டும்.

முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, வழக்கமாக ஓட்டும்போது போடும் ஷூவோடு ஏறி உட்காருங்கள். யாரையாவது பின் டயரைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு (செயின் பக்கம் விரல் போகவேண்டாம்) ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். லீவருக்கு அடியில் பாதத்தை நுழைக்கும்போது வலிக்கிறதா, மேலே தூக்கும்போதா, கீழே அழுத்தும்போதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் விஷயத்தில் தூக்குவதுதான் சிக்கல் என்று தெரிகிறது, ஆனால் பிளேட் வைத்த கணுக்கால் பாதத்தைக் கீழ்நோக்கி வளைக்கவும் மறுக்கும், அப்போது லீவருக்கு அடியில் நுழைவதே பெரும்பாடாக இருக்கும்.

லீவரில் கை வைப்பதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கேபிள் தளர்ந்திருந்தால் கிளட்ச் முழுசாக விடுபடாது, கியர் இறுகும், அந்தப் பலத்தையெல்லாம் கால்தான் கொடுக்கவேண்டியிருக்கும். கை லீவரின் அடியில் 2–3 மில்லிமீட்டர் ஆட்டம் (கேபிள் இழுபடுமுன் லீவர் வெறுமனே நகரும் தூரம்) இருந்தால் போதும். இதைச் சரி செய்ததுமே கால் வலி பாதி குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது லீவர். இன்ஜினிலிருந்து வெளியே வரும் தண்டில் பல் பல்லாக வெட்டியிருக்கும், லீவர் அதன்மேல் ஏறி ஒரு போல்டால் இறுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர். போல்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே எடுக்கவேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் அது தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. லீவரை உருவி ஒரு பல் மேலே தள்ளி மாட்டுங்கள். பாதம் ஃபுட்ரெஸ்டில் மட்டமாக இருக்கும்போதே விரல் அடியில் போய்விடும். சில வண்டிகளில் லீவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும். அதில் இரண்டு பக்கமும் லாக் நட்டைத் தளர்த்திவிட்டு கம்பியைத் திருகினால் உயரம் மாறும், இரண்டு நட்டில் ஒன்று இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் தளரும்) என்பதை மறந்துவிட்டு இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

ஆனாலும் தூக்கும் வேலை மிச்சமிருக்கிறதே, அதற்கு என் யோசனை குதிகால் லீவர். முன்னும் பின்னும் மிதி உள்ள நீள லீவரைத்தான் சொல்கிறேன். கீழே ஒன்று, மேலே நாலு என்று கியர் விழும் வண்டியில், தூக்கவேண்டியதையெல்லாம் பின் மிதியைக் குதிகாலால் அழுத்தியே போட்டுவிடலாம். கணுக்கால் அசையவேண்டியதில்லை, இடுப்பிலிருந்து காலைத் தூக்கி வைத்து அழுத்தினால் போதும். வாங்கும்போது பல் எண்ணிக்கையும் துளையும் உங்கள் தண்டுக்குப் பொருந்துகிறதா என்று பழைய லீவரைக் கையில் கொண்டுபோய்ப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பழைய இரும்பு லீவரிலேயே வெல்டிங் கடையில் பின்பக்கம் ஒட்டவைக்கலாம், ஆனால் லீவரைக் கழற்றிக் கொடுங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் பிடித்தால் ஆயில் சீல் போய்விடும். அலுமினிய லீவர் என்றால் சாதாரண வெல்டிங் கடையில் ஆகாது. மாட்டியபின் ஷூ ஃபுட்ரெஸ்டில் இருக்கும்போது பின் மிதிக்கும் பாதத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தெரியாமலேயே மிதித்துக்கொண்டிருப்பீர்கள். முழுசாக அழுத்தும்போது ஃபுட்ரெஸ்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். கியரைவிட இதுதான் இடது கணுக்காலைக் கொல்லும். வண்டியில் உட்கார்ந்தபடி தள்ளாதீர்கள், இறங்கி இடது பக்கம் நின்று பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தள்ளுங்கள்.

வலது முழங்காலுக்கு முதலில் சீட்டைப் பாருங்கள். ஒரு அங்குலம் ஃபோம் ஏற்றினால் முழங்கால் மடிப்பு குறையும், சிக்னலில் இரண்டு பாதமும் தரையில் ஊன்றுகிறதா என்பதுதான் கணக்கு. ஃபுட்ரெஸ்டை இறக்குவதானால் பிரேக் மிதியும் கூடவே இறங்கவேண்டும், வளைவில் சாயும்போது தரையில் உரசும் வாய்ப்பும் கூடும். டிரம் பிரேக் என்றால் மிதியின் உயரத்தை ஸ்டாப் போல்டில் மாற்றி, பின் சக்கரத்து பிரேக் கம்பி நட்டில் மிதியின் ஆட்டத்தைச் சரி செய்யவேண்டும், பெரும்பாலான வண்டிகளுக்கு 20–30 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிவிட்டு உரசல் இல்லை என்று பாருங்கள், பிரேக் லைட் சுவிட்சையும் மறக்காமல் மாற்றி வையுங்கள். டிஸ்க் பிரேக்கில் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆட்டமே இல்லாமல் வைத்தால் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடேறும்.

பின் பிரேக்கை மிதிக்கவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1992-இல் அசென் ரேஸ் டிராக்கில் வலது காலைக் கிட்டத்தட்ட இழக்கவிருந்த பைக் ரேஸ் வீரர் மிக் டூஹன், அதற்கப்புறம் கட்டைவிரலால் இயக்கும் பின் பிரேக்கை வைத்து ஓட்டினார், 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து தடவை உலக சாம்பியன் ஆனார். உங்களுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

ஸ்கூட்டர் எப்போது? குதிகால் லீவர் போட்டபிறகும் வலி இருந்தால், அல்லது வண்டி இடது பக்கம் சாயும்போது அந்தக் கால் எடையைத் தாங்காவிட்டால், பையன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் ஸ்கூட்டரிலும் நிற்கும்போது காலை ஊன்றியாகவேண்டும், அதனால் வாங்குவதற்கு முன் சீட் உயரத்தைப் பாருங்கள்.

வேலை முடிந்தபின் முதல் சில நாள் காலியான தெருவில் மட்டும் ஓட்டுங்கள். கால் விரலால் தூக்கிய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது, அவசரத்தில் கால் பழையபடியே லீவருக்கு அடியில்தான் போகும். ஒரு வாரம் கழித்து அந்தப் பத்தாம் நம்பர் போல்டை மறுபடி இறுக்குங்கள்.