யாழ்ப்பாணத்தில் திறந்தவெளி விழா மண்டபத்துக்கு எந்தச் செடிகள் நின்று பிடிக்கும்?

“கோப்பாய்ப் பக்கத்தில் நான்கு பரப்புக் காணியில் திறந்தவெளி விழா மண்டபம் அமைக்கிறோம். தென்னிலங்கை விடுதிகளில் கண்டதுபோல ஹெலிகோனியா, விசிறி வாழை, பன்னம் (பெரணி), புல்தரை எல்லாம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்கன்று வளர்த்து விற்பதும் மண்டபங்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். காற்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வைகாசியில் எழுந்தால் புரட்டாதி வரை ஓயாது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் யூலை, ஓகஸ்ட் விடுமுறையில்தான் வந்திறங்குகிறார்கள். உங்கள் மண்டபம் நிறையப்போவதும் அப்போதுதான். அகன்ற இலைச் செடிகளை வெட்டவெளியில் நட்டிருந்தால், சரியாக அந்த நாட்களில் இலை நார்நாராகக் கிழிந்து ஓரம் கருகி நிற்கும். ஆகவே தென்மேற்கு எல்லையை முதலில் கவனியுங்கள். மதில் மட்டும் போதாது. மதிலில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். காற்றின் வேகத்தைக் குறைத்து உள்ளே விடுவது உயிர்வேலிதான்: கிளுவை, பூவரசு, பின்னால் வேம்பு. அவை தழைக்கும் வரை கிடுகு (பின்னிய தென்னோலை) கட்டுங்கள். காணியில் பனை நின்றால் தயவுசெய்து தறிக்க வேண்டாம். ஆளுயரம் தாண்டவே அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பனையைப் பெயர்த்துக்கொண்டுவந்து நடுவதும் எளிதில்லை. இரவில் அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பாருங்கள், அந்தக் கருத்த மரத்தின் கம்பீரம் எந்த விடுதியிலும் கிடைக்காது.

அடுத்தது தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் தேங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வரும், அயலவர் கிணற்றுக்கும் சேர்த்து. ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். கோடையில் புல் பச்சையாக இருக்கச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று வைத்தாலும், ஒரு பரப்புப் புல்லுக்கு 1,250 லீற்றர் வேண்டும். இதை நான் எந்த மண்டபத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. மணமேடைக்கு முன்னால், படம் எடுக்கும் இடத்தில் மட்டும் சிறு துண்டு புல் போதும். மற்ற இடமெல்லாம் நம் பழைய வீட்டு முற்றம்போல வெள்ளை மணல் பரப்பிக் கூட்டி வைத்தால் சேலையும் வேட்டியும் எடுப்பாகத் தெரியும்.

நிலத்தில் நிரந்தரமாக நடுவதற்கு ஈழத்தலரி (பிளுமேரியா), போகன்வில்லா, செவ்வரத்தை (செம்பருத்தி), நந்தியாவட்டை, குரோட்டன் ஆகியவற்றை எடுங்கள். போகன்வில்லாவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் மிஞ்சும். காயவிட்டால் பூத்துக் கொட்டும். இக்சோராவைப் பலர் வேலியோரம் வரிசையாக நடுகிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் அதன் வேருக்கு இரும்புச்சத்து எட்டாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தும்புத் தூளும் மக்கிய மாட்டெருவும் கலந்து பூச்சாடியில் வைத்தால் தேறும்.

நீங்கள் ஆசைப்பட்ட அந்தூரியம், பன்னம், ஹெலிகோனியா எல்லாமே பூச்சாடியில் இருக்கட்டும். மண்டபத்தின் பின்புறம் நிழல்வலைப் பந்தல் ஒன்று போட்டு அங்கே வளர்த்து, விழாவுக்கு முதல்நாள் மாலை முன்னே கொண்டுவந்து, முடிந்ததும் திருப்பிவிடுங்கள். இலையில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டு வெறும் ஈரத்துணிக்கு எளிதில் போகாது, சிறிது எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். மாரியில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் பன்னத்துக்கு அதையே ஊற்றுங்கள்.

வாசலில் குலைவாழை கட்டத்தான் போகிறீர்கள். நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பிளாஸ்டிக் தோரணம் மட்டும் வேண்டாம், குருத்தோலைக்கு ஈடு அது இல்லை. மங்கல வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் ஓலை மடிக்கும் முறை வேறு என்பதால், தெரிந்த கையாக ஒருவரை அழையுங்கள்.

பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் செவ்வலரி, மஞ்சள் அலரி இரண்டும் கூடவே கூடாது. இரண்டும் கடும் நஞ்சு. டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும், அதுவும் வேண்டாம். பூச்சாடித் தட்டிலும் விசிறி வாழையின் மட்டை இடுக்கிலும் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். மாரி மாதங்களில் வாரம் ஒருமுறையாவது தட்டுகளைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆளை இப்போதே நியமித்துவிடுங்கள்.

நடுவதற்கு ஐப்பசியின் முதல் மழை வரை பொறுங்கள். மார்கழி வரை வானமே நீர் ஊற்றும், வேர் பிடித்துவிடும். அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரின் உவர்த்தன்மையைப் பரிசோதித்து, முடிவை இங்கே எழுதுங்கள். எல்லையில் எதை எத்தனை அடி இடைவெளியில் நடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.