மஞ்சள் விளக்கும் இரண்டுங்கெட்டான் தூரமும்

கேள்வி: கோலாலம்பூரில் மஞ்சள் விழுந்ததும் நான் நிறுத்தினால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார். நிற்பதா, போய்விடுவதா?

செந்தூலில் பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சட்டத்தின் பதில் ஒரு வரிதான்: மஞ்சள் என்றால் நிற்க வேண்டும், கோட்டுக்கு முன் பத்திரமாக நிறுத்த முடியாத அளவு நெருங்கிவிட்டால் மட்டும் போகலாம். அந்தப் 'பத்திரமாக' என்ற சொல் எனக்கு விளங்கியது ஜாலான் ஈப்போவில், மழை விட்டிருந்த ஒரு மாலையில்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு வந்துகொண்டிருந்தேன். மஞ்சள் விழுந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன், கோட்டை ஒட்டி நின்றுவிட்டேன். மறுநொடி பின்னால் 'டமார்' என்று சத்தம். இறங்கி ஓடினால், தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பையன் கிடக்கிறான், மோட்டார் சைக்கிள் அவன் கால்மேல். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். ஹேண்டிலில் மாட்டியிருந்த மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலம் பிரிந்து சாலைத் தண்ணீரில் சிதறிக் கிடந்தது. தூக்கி உட்கார வைத்ததும், "அண்ணே, நீங்க போயிருவீங்கன்னு நெனச்சேண்ணே" என்றான்.

சட்டம் என் பக்கம்தான். ஆனாலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரேக்கை மிதிக்கும் முன் கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை.

பொறியியல் படிக்கும் என் மகன்தான் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினான். 1960-லேயே காஸிஸ், ஹெர்மன், மரதுதின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதை எழுதிவிட்டார்களாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதன்பின், உள்ளே இருக்கும் பிள்ளைகள் சீட்டிலிருந்து சரியாமல் வண்டியை நிறுத்த இன்னும் 46 மீட்டர். ஆக 63 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 நொடி எரிகிறது என்றால் அதற்குள் 50 மீட்டர்தான் போக முடியும். கோட்டிலிருந்து 50-க்கும் 63-க்கும் இடையே மாட்டிக்கொண்டவர் நிதானமாக நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தொடவும் முடியாது. இரண்டுங்கெட்டான் தூரம். மஞ்சள் நேரத்தைச் சாலையின் வேகத்துக்கு ஏற்றபடி கூட்டிவைத்தால் இந்த இடைவெளி அடைபட்டுவிடும். அது அதிகாரிகள் கையில் இருக்கிறது.

நம் கையில் இருப்பது வேகம். 40-ல் வந்தால் நிற்க 32 மீட்டர் போதும், 3 நொடியில் 33 மீட்டர் போகலாம். அந்த இரண்டுங்கெட்டான் தூரமே இல்லாமல் போகிறது! இந்தக் கணக்கைப் பார்த்த நாளிலிருந்து சந்திப்பை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். இது காய்ந்த சாலைக்கு. மழையில் டயர் பிடிப்பு குறையும், 40-ம் அதிகம்தான்.

தூரத்திலிருந்தே பச்சையாகத் தெரியும் விளக்கை நான் நம்புவதில்லை. அது எப்போது விழுந்த பச்சையோ, அடுத்து மஞ்சள்தான் என்று வைத்துக்கொள்வேன். அப்போதே கண்ணாடியில் பார்த்து, பின்னால் மோட்டார் ஒட்டி வந்தால் பிரேக்கை லேசாக இரண்டு தட்டுத் தட்டுவேன். சிவப்பு வெளிச்சம் கண்ணில் பட்டதும் பெரும்பாலும் விலகிக்கொள்வார்கள். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மஞ்சளைக் கண்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று. குறுக்குச் சாலையில் முன்வரிசையில் நிற்கும் மோட்டார்காரர்களைப் பாருங்கள். தங்கள் விளக்கைப் பார்க்காமல் உங்கள் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குச் சிவப்பு விழுந்ததும் அவர்களில் சிலர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் 80-ல் வந்து சேரும் இடத்தில் அப்படிக் கிளம்பிய ஒரு பையன் இருப்பான். சிவப்பைத் தாண்டியதற்கு வரும் 300 ரிங்கிட் அபராதச் சம்மனை விடுங்கள், அதைக் கட்டித் தீர்த்துவிடலாம்.

ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஹாரன் அடிப்பவர் உங்கள் பிரேக் விளக்கைப் பார்த்துவிட்டார், இடிக்காமல் நின்றும்விட்டார். என்னை இடித்த பையன் ஹாரன் அடிக்கவில்லை.